விதி சேர்த்து வைத்த பிறகு கதைக்கு என்ன வேலை?

சாதாரணக் காதல் நாவலைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்வது ஒரே கேள்விதான்: இவர்கள் சேர்வார்களா, மாட்டார்களா? மனிதனிலிருந்து விலங்காக உருமாறும் நாயகர்களின் கதையில் அதற்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே பதில் வந்துவிடுகிறது. கூட்டத்தில் அவள் கடந்து போகிறாள். காற்றில் வாசனை வருகிறது. அவனுக்குள் படுத்திருந்த ஓநாய் எழுந்து நின்று 'இவள்தான்' என்கிறது. சரி, மிச்சமுள்ள முன்னூறு பக்கத்துக்கு என்ன செய்வது? இதை எழுதுபவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளாமல் விட்டால், வெளியிலிருந்து ஒரு வில்லன் வருவான், எதிரிக் கூட்டம் வரும், நாயகி கடத்தப்படுவாள். பக்கம் நிரம்பும். காதல் மட்டும் மூன்றாம் அத்தியாயத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஃபேட்டட் மேட்ஸ், அதாவது விதியே ஜோடியைப் பிணைத்து வைக்கும் கதைகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: பிணைப்பு ஆளைக் காட்டிக் கொடுக்கலாம், சம்மதத்தை வாங்கித் தரக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நாவல் நடக்கிறது. அதை மூடிவிட்டால் எவ்வளவு சூடான காட்சி எழுதினாலும் சூடு ஏறாது.

தமிழ் வாசகருக்கு இது புது யோசனையாக இருக்கத் தேவையில்லை. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது பால், அதாவது ஊழ் கூட்டுவதால்தான் என்கிறது தொல்காப்பியத்தின் களவியல். ஆனால் சந்திப்போடு அது நின்றுவிடவில்லை. கண்ட பிறகு ஐயம் வருகிறது. இவள் மானுடப் பெண்ணா, தெய்வமா என்று அவன் தடுமாறுகிறான். சூடிய பூ, அணிந்த இழை, இமைக்கும் கண், அவள் முகத்தில் தெரியும் அச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெளிகிறான். அதற்குப் பிறகும் அவள் பார்வையில் உள்ள குறிப்பை அறிய வேண்டியிருக்கிறது. ஊழ் கூட்டிய சந்திப்புக்கே இத்தனை படிகள். உருமாறிக் கதையில் ஐயம் அவள் பக்கம் மாறுகிறது: எதிரே நிற்பது மனிதனா, விலங்கா? எந்தெந்த அடையாளங்களை வைத்து அவள் தெளிகிறாள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். நடுப்பகுதிக்கு வேண்டிய காட்சிகளில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

எழுத உட்காருமுன் பிணைப்பின் விதிகளை ஒரு தாளில் முடிவு செய்துவிட வேண்டும். முதலில் உணர்வது யார் என்பது முதல் விதி. இருவரும் ஒரே நொடியில் உணர்ந்தால் கதை அங்கேயே முடிந்த மாதிரி. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத நிலை குறைந்தது பத்தாயிரம் சொற்களாவது நீடிக்க வேண்டும். அடுத்து, எந்தப் புலன் வழியாக என்பது. வாசனைதான் வழக்கம். குரல், தொடுகை, கனவு என்று வேறு வழிகளும் உண்டு. எதுவானாலும் ஒன்றை மட்டும் முதன்மையாக வைத்துக்கொண்டால் அதை வைத்து விளையாடலாம். வாசனை வழிப் பிணைப்பு என்றால் மழையில் தடயம் கரையும், புகையில் குழம்பும், அவள் வேறொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் அவன் தடுமாறுவான். மூன்றாவது, மறுத்தால் என்ன ஆகும். இந்த இடத்தில்தான் நிறைய கதைகள் தவறான பாதையில் போகின்றன.

மறுத்தால் அவன் செத்துவிடுவான் என்று விதி வைத்தால், அவளுடைய 'சரி' என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. ஓர் உயிரைப் பணயமாக வைத்து வாங்கிய சம்மதம் அது. மறுத்தால் இருவருக்கும் தாங்க முடியாத வலி என்று வைப்பதும் ஏறக்குறைய அதேதான். மறுப்பின் விலை, அதிகாரம் யாரிடம் அதிகமோ அவர் தலையில் விழட்டும். கூட்டத்தின் தலைவனாக இருக்கிறானா? மறுக்கப்பட்டால் சில மாதங்கள் அவனால் உருமாற முடியாது, தலைமை ஆட்டம் காணும் என்று வையுங்கள். அவன் உயிர் பிழைப்பான், ஆனால் இழப்பான். முக்கியமாக, அந்த விலையை அவன் வாயால் சொல்லி அவளை இளக வைக்கக் கூடாது, கடைசிவரை மறைக்கவும் கூடாது. 'முடிவு உன்னுடையது' என்று அவன் சொல்லிவிட்ட பிறகு, வேறு யாரோ வழியாக அவளுக்குத் தெரியவரட்டும். அந்த வரிசை முக்கியம். மாற்றிப் போட்டால் அதே தகவல் மிரட்டலாகிவிடும்.

பிணைப்பைப் படிப்படியாகக் கட்டுவது இன்னும் நல்லது. முதல் படி அடையாளம் காணுதல், அடுத்தது ஒருவர் உணர்வு மற்றவருக்கு லேசாகக் கசிதல், கடைசியில் பிணைப்பை உறுதிசெய்ய அவன் அவள் கழுத்தில் பதிக்கும் கடித்தடம். ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். இயற்கையிலும் இது ஒரே பொத்தானை அழுத்தி நடப்பதில்லை. ஜோடி சேர்ந்து வாழும் ப்ரெய்ரி வோல் என்ற சிறு கொறிவிலங்கை வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான் அதன் ஜோடிப் பிணைப்புக்குச் சாவி என்று நம்பப்பட்டது. 2023-இல் வெளியான ஆய்வில், ஆக்சிடோசினை உணரும் ஏற்பி இல்லாமல் பிறக்க வைக்கப்பட்ட வோல்களும் ஜோடி சேர்ந்தன. பிணைப்பு பல இழைகளால் ஆனது. கதையிலும் வாசனை ஓர் இழையாக இருக்கட்டும். நம்பிக்கை, சிரிப்பு, ஒருவர் திறமையின் மேல் மற்றவர் வைக்கும் மதிப்பு என்று மற்ற இழைகளைக் காட்சிகளாக எழுதுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: பிணைப்பைக் கதையிலிருந்து முழுதாக நீக்கிவிட்டு ஓர் உரையாடலைப் படித்துப் பாருங்கள். இந்த இருவருக்கும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கப் பிடிக்கிறதா? இல்லை என்றால், எழுத வேண்டிய முதல் காட்சி அதுதான்.

இருவரும் வயது வந்தவர்கள் என்பதில் எந்தச் சமரசமும் கிடையாது. குழந்தையைப் பார்த்ததும் 'இவள் பின்னாளில் என் துணை' என்று உணரும் கிளைக்கதையை, அது எவ்வளவு தூய அன்பாகச் சொல்லப்பட்டாலும், நான் ஏற்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தேர்வு என்பதே இல்லாமல் போகிறது.

இனி ஆல்ஃபா, அதாவது கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன். இந்த வகை எழுத்தின் அச்சாணி இந்தச் சொல். ஆனால் அதன் பின்னால் இருந்த விலங்கியல் எப்போதோ மாறிவிட்டது. ருடால்ஃப் ஷென்கல் 1947-இல் வெளியிட்ட ஆய்வு, பாசெல் விலங்குக் காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பற்றியது. வலுக்கட்டாயமாக ஒரே இடத்தில் வைக்கப்பட்ட விலங்குகள் முதலிடத்துக்குச் சண்டையிட்டன. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தைப் பரவலாக்கியது. பிறகு கனடாவின் வட கோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை நேரில் கவனித்த அதே மெக், 1999-இல் அந்தக் கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, கடந்த ஓரிரு ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள். 'ஆல்ஃபா' என்று நாம் சொல்வது அங்கே பெற்றோரை. பிள்ளைகள் வளர்ந்ததும் கூட்டத்தைவிட்டுத் தனியே கிளம்பி, துணை தேடி, புது இடம் பிடிக்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டால் ஆல்ஃபாவைக் கைவிட வேண்டும் என்பதில்லை. இன்னும் கூர்மையாக்கலாம். எல்லாரையும் உறுமி அடக்கும் தலைவன் எங்கே உருவாவான்? ஒருவருக்கொருவர் அந்நியரானவர்கள், வெளியேற முடியாமல் அடைபட்ட கூட்டத்தில். அப்படியானால் உங்கள் நாயகனின் கூட்டத்தை யார் அடைத்தார்கள், ஏன் யாராலும் போக முடியவில்லை? கதைக்குப் பின்னணி கிடைத்துவிட்டது. அல்லது, கூட்டத்தைவிட்டுத் தனியே கிளம்பிய இளம் ஓநாயை நாயகனாக்குங்கள். ஊரும் உறவும் இல்லாமல் எல்லை தாண்டி நடப்பவன். துணை தேடும் நெடும் பயணம் அவன் உயிரியலிலேயே இருக்கிறது. வலிமையைக் காட்டும் விதமும் மாறும். குட்டிகள் தின்ன இரை கொண்டுவருவதும், காயம்பட்டவனுக்காக நடையைக் குறைப்பதும் தலைமைதான். அதைச் செய்கிற ஆண்மேல் நாயகிக்கு ஆசை வருவது, மேசையைக் குத்துகிறவன்மேல் வருவதைவிட எளிதில் நம்பும்படி இருக்கிறது.

எந்த விலங்கு என்பதை அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓநாய்க்குக் குடும்பம் உண்டு. ஆகவே மாமியார், மைத்துனன், கூட்டத்தின் ஒப்புதல் என்று கதை போகும். புலியும் சிறுத்தையும் தனியாக வாழ்பவை. இணைசேரும் சில நாட்கள் கழிந்தால் ஆண் போய்விடும், குட்டி வளர்ப்பது தாய் மட்டுமே. சிறுத்தை நாயகன் 'என்றென்றும் உன்னோடு' என்று சொல்கிறான் என்றால் அவனுக்குள் இருக்கும் விலங்குக்கு எதிராகச் சொல்கிறான். நல்ல முரண் அது, பயன்படுத்துங்கள். கரடி என்றால் பருவம் கதையை ஆளும். பழுப்புக் கரடி கோடைத் தொடக்கத்தில் இணைசேர்ந்தாலும் கரு ஏறக்குறைய நவம்பர் வரை கருப்பையில் பதியாமல் காத்திருக்கும். கர்ப்பத்தை வைத்துத் திருப்பம் எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? மாதாமாதம் 'ஹீட்' என்ற இணைசேரும் பருவம் வரும் ஓநாய்ப் பெண்களை எழுதுகிறார்கள். உண்மையில் அது ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தின் பின்பகுதியில் வருவது. மாற்றி எழுத உங்களுக்கு உரிமை உண்டு. தெரிந்து மாற்றுங்கள்.

உடலின் கணக்கிலும் கவனம் வேண்டும். எண்பது கிலோ மனிதன் நாற்பத்தைந்து கிலோ ஓநாய் ஆனால் மீதி எடை எங்கே போனது? மூன்று விடைகள் உண்டு. ஓநாயைப் பெரிதாக்கலாம், மந்திரம் என்று சொல்லிவிடலாம், அல்லது கேள்வியே எழாதபடி வேகமாகக் கடக்கலாம். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் இருங்கள். உருமாற எவ்வளவு நேரம் ஆகும் என்பது சண்டைக் காட்சிகளையெல்லாம் தீர்மானிக்கும். மூன்று நிமிடம் என்றால் அந்த மூன்று நிமிடம் அவன் நிராதரவாக இருப்பான், யாராவது காவல் நிற்க வேண்டும், அது அவளாக இருக்கலாம். உருமாறியதும் உடை கிழியுமா, பசி எடுக்குமா, உடலில் இருந்த காயம் கூடவே வருமா? ஆறிவிடும் என்று வைத்தால் இனி எந்தக் காயத்துக்கும் பதற்றம் இருக்காது. ஓநாய்க் கண் வழியாக எழுதும்போது நிறத்தை மறக்காதீர்கள். நாய் இனத்தின் கண்ணில் நிறம் காணும் செல்கள் இரண்டு வகைதான். நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரியாது. அவள் சிவப்புச் சேலையை ஓநாய் உருவில் ரசிக்கும் நாயகன் நின்று யோசிக்க வைக்கிறான். அதே இடத்தில் அந்தத் துணியின் மணத்தை எழுதியிருந்தால் வாசகர் அவன் தோலுக்குள் போயிருப்பார். இருட்டில் கண் மின்னுவது விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலத்தால். விளக்கோ நிலவோ பட்டால்தான் மின்னும், கும்மிருட்டில் தானாக எரியாது.

தமிழில் இந்தக் கதைகளை எழுதுபவருக்கு ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு கருவி கையில் இருக்கிறது: உயர்திணை, அஃறிணை என்ற திணை. அவன் ஓநாயாகிவிட்டான். இப்போது வாசலுக்கு 'வந்தான்' என்று எழுதுவதா, 'வந்தது' என்று எழுதுவதா? தமிழ் வினைமுற்று இதை மறைக்க விடாது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் முடிவெடுத்தே ஆக வேண்டும். நிறைய பேர் பத்திக்குப் பத்தி மாற்றி மாற்றி எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு ஏதோ உறுத்துகிறது, என்னவென்று தெரிவதில்லை. யார் பார்வையில் சொல்கிறோமோ அவர் அறிந்ததை வைத்து முடிவு செய்யுங்கள். நாயகிக்கு உண்மை தெரியாத வரை வாசலில் நிற்பது 'அது'. அது மூச்சுவிடுகிறது, அது அவள் கையை முகர்கிறது. அந்தக் கண்ணைப் பார்த்த நொடியில் அடுத்த வாக்கியம் 'அவன் தலையைத் தாழ்த்தினான்' என்று முடியட்டும். 'அவளுக்குப் புரிந்துவிட்டது' என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை. மாறாக, அவன் தன்னை மறந்து விலங்கின் பிடிக்குள் போகும் இடத்தில் 'அவன்' மெல்ல 'அது' ஆகலாம். அதை நாவலில் ஒரே ஒரு முறை செய்யுங்கள். அவன் தானே கதை சொல்பவனாக இருந்தால் இந்த வாய்ப்பு போய்விடும். 'வந்தேன்' என்பதில் திணை தெரியாது. அதனாலேயே இந்த வகைக் கதைக்குப் படர்க்கையில், அவள் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வதைப் பரிந்துரைக்கிறேன்.

நீங்க, நீ என்ற மாற்றமும் அப்படித்தான். அவர்கள் எந்தக் காட்சியில் ஒருமைக்கு வருகிறார்கள் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். முதல் முத்தத்துக்கு முன்பா, பின்பா? யார் முதலில்? அவன் தலைவன் என்பதற்காக முதல் நாளே அவளை 'நீ' என்று அழைத்து, அவள் நாவல் முழுக்க 'நீங்க' என்றே பேசினால், பக்கத்துக்குப் பக்கம் சமமின்மை ஒலிக்கும். அவள் கோபத்தில் முதல்முறை 'நீ' என்று சொல்லும் இடம் படுக்கையறைக் காட்சியைவிடச் சூடாக அமையலாம்.

படுக்கையறைக் காட்சிக்கு வருவோம். எண்பதாயிரம் சொல் நாவலில் முழுமையான காட்சிகள் மூன்று அல்லது நான்கு போதும், ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு சொற்கள். அதற்கு மேல் போனால் வாசகர் தாண்டிச் செல்கிறார். தாண்டிச் சென்றால் கதை புரியாமல் போக வேண்டும் என்பதே என் அளவுகோல். ஒவ்வொரு கூடலிலும் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்: ஒரு ரகசியம் வெளிவந்தது, ஒரு பயம் போனது, அல்லது புதிதாக ஒரு பயம் வந்தது. முதல் முழுக் கூடல் நாவலின் நடுவில் வந்து, பிரச்சினையைத் தீர்க்காமல் பெரிதாக்குவது நல்ல இடம். உடல் ஒத்துப்போய்விட்டது, இனித் தப்பிக்க முடியாது என்ற பயம் அவளுக்கு அப்போதுதான் பிடிக்கும்.

சம்மதம் காட்சியின் வேகத்தைக் குறைக்கும் என்று பயப்படுபவர்கள் உண்டு. எதிரானதே உண்மை. நாவலின் முதல் கால்பகுதியில், ஒரு சின்ன விஷயத்தில் அவள் 'வேண்டாம்' என்று சொன்னதும் அவன் அந்த நொடியே நிற்கும் காட்சி ஒன்று வேண்டும். கையைப் பிடித்தான், விட்டான், அவ்வளவு போதும். அதைப் பார்த்த வாசகர், பின்னால் நகம் நீளும்போதும் கண் நிறம் மாறும்போதும் பயமில்லாமல் அவர்களோடு இருப்பார். விலங்கு எட்டிப் பார்க்கும் அளவைக் குறியுங்கள்: கண், குரல், நகம், பல் வரை வரலாம். கூடல் முழுதும் இருவரும் மனித உருவில். கடித்தடம் பற்றிய பேச்சு ஆடையோடு, பகலில், முன்பே நடந்திருக்கட்டும். எங்கே கடிப்பாய், வலிக்குமா, தழும்பு நிற்குமா, திரும்ப எடுக்க முடியுமா என்று அவள் கேட்கட்டும். பிறகு அந்த இரவில் அவளே கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினால் அதற்கு இணையான வரி வேறில்லை. மயக்கத்தில், 'ஹீட்' உச்சத்தில், கேட்காமலே கடித்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்கும் கதைகள் தங்கள் மிகப் பெரிய காட்சியை வீணடிக்கின்றன.

மொழியில் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று மருத்துவப் பாடநூல். மற்றொன்று மலர், தேன், கொடியிடை என்று தேய்ந்த அலங்காரம். இரண்டிலும் உடல் காணாமல் போகிறது. உள்ளங்கை, முழங்கையின் உள்பக்கம், வியர்வை, மூச்சு, கழுத்தின் துடிப்பு என்று எல்லாருக்கும் உள்ள சொற்களே போதும். உறுப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் செயலை எழுதுங்கள். அவனுக்கு மூக்கு முதல் புலன் என்பதால் காட்சியும் மணத்தில் தொடங்கட்டும். பார்வை பிறகு வரலாம்.

விலங்கின் ஆசை என்றாலே உறுமலும் பல்லும் என்று இந்த வகை பழகிவிட்டது. சங்கப் புலவர் பாலை பாடிய பெருங்கடுங்கோவிடம் வேறொரு பாடம் இருக்கிறது. பெண் யானையின் பசி தீர்க்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. நிழலே இல்லாத காட்டில் கலைமான் தன் உடலின் நிழலைப் பெண் மானுக்குத் தருகிறது. பிரிந்துபோன தலைவன் இவற்றைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுவான் என்று ஆறுதல் சொல்லும் பாடல்கள் அவை. விலங்கின் காதலைப் பரிவாகக் காட்டும் இந்த மரபு நம் கையில் இருக்கும்போது, நாயகனுக்குள் இருக்கும் ஓநாய் ஏன் 'என்னுடையவள்' என்று மட்டும் கத்த வேண்டும்? அவள் தூங்கும்போது காற்று வரும் பக்கம் போய்ப் படுக்கட்டும்.

ரிஜெக்டட் மேட் வகை இப்போது தொடர்கதைச் செயலிகளில் மிகுந்திருக்கிறது. அவன் எல்லார் முன்னாலும் அவளை மறுக்கிறான், பிறகு வருந்துகிறான். இதில் அடிக்கடி கெடுவது பரிகாரத்தின் அளவு. அவமானம் சபையில் நடந்தது, மன்னிப்பு மட்டும் தனியறையில் நடக்கிறது. வாசகர் மனம் ஆறாது. மறுப்பு எங்கே நடந்ததோ அங்கேயே, அதே ஆட்கள் முன்னால் அவன் தலை குனிய வேண்டும். அவன் இழந்தது வெறும் கௌரவமாக இல்லாமல், பதவி, இடம், உரிமை என்று கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். காயப்படுத்தியது எத்தனை காட்சியோ, ஈடு செய்வதும் ஏறக்குறைய அத்தனை காட்சி. இடைப்பட்ட காலத்தில் அவள் காத்திருக்காமல் ஏதாவது கற்று, எங்காவது வேர்விட்டு, அவன் இல்லாமலும் முழுமையாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகே அவன் திரும்பி வரட்டும். அவள் திரும்ப ஏற்காமல் போனாலும் கதை நியாயமாக முடியும் என்ற நிலை இருந்தால்தான் அவள் ஏற்பதற்கு எடை.

முடிவு மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். ரொமான்ஸ் என்ற பெயரில் விற்றுவிட்டுக் கடைசியில் ஒருவரைக் கொல்வது வாசகருக்குச் செய்த வாக்கை மீறுவது. முக்கால் பகுதி தாண்டியதும் பிணைப்பு அறுந்துபோகும் ஒரு கட்டத்தைக் கொண்டுவந்து, வாசனையும் இழுப்பும் இல்லாத அந்த நிலையில் இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுப்பதாக முடிக்கலாம். பழகிய உத்திதான். சரியாகச் செய்தால் இன்றும் வேலை செய்கிறது. அறுந்த பிணைப்பு பிறகு திரும்ப வருவதா வேண்டாமா என்பதில் வாசகர்கள் இரண்டு கட்சி. வர வேண்டும், ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த பிறகு, அதுவும் ஓரிரு பக்கமாவது கழித்து என்பேன்.

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு சிறு குறிப்பு போடுங்கள்: வயது வந்தோருக்கானது, இரத்தம், கடி, கடத்தல், கடந்தகால வன்முறை, எது இருக்கிறதோ அது. அதைப் பார்த்து விலகுபவர் உங்கள் வாசகர் இல்லை, நெருங்குபவர் நம்பி வருகிறார். தொடராக எழுதுவதாக இருந்தால், முதல் புத்தகத்தில் போட்ட அந்த விதித்தாளை இரண்டாவதைத் தொடங்குமுன் எடுத்துப் படித்துவிடுங்கள். நாயகனின் தம்பிக்குக் கதை எழுதும்போது அவசரத்தில் ஒரு புது விலக்கு வைக்கத் தோன்றும்: இவனுக்கு மட்டும் இரண்டு துணை, இவனுக்கு மட்டும் மறுத்தாலும் வலி இல்லை. அந்த விலக்கு, முதல் புத்தகத்து நாயகி பட்ட துன்பத்தைத் தேவையில்லாததாக்கிவிடுகிறதா என்று பாருங்கள். ஆக்கினால் தம்பிக்கு வேறு சிக்கல் தேடுங்கள்.